மீனின் பக்கம் நின்ற மருத்துவர்

பிரான்சிஸ் டே என்றதும் 1639ஆம் ஆண்டில் சோழமண்டலக் கடற்கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, சென்னைப் பட்டினம் உருவாகக் காரணமாக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரே நம் நினைவுக்கு வருவார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே பெயருடன் அதே சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்த மற்றொருவர் இருந்தார். மீனியல் படிப்போர் அனைவரும் அறிந்த அவரை நம் பொதுவாசகர்கள் பெரிதும் அறிந்திருக்கவில்லை. ஆற்று மீன்களை யார் பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது, எப்போது பிடிக்காமல் இருப்பது என்னும் கேள்விகளை இந்திய அரசின் முன் முதன்முதலில் முறையாக வைத்தவர் அந்த இரண்டாம் பிரான்சிஸ் டே. அவருடைய வாழ்வை இன்று நினைவுகூர்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு.

மலையோர ஆறுகளில் தூண்டில் சுற்றுலாவை அனுமதிக்கலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. பெரிய மீனைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் நீரில் விட்டுவிடுகிறோம். எங்களால் ஆற்றுக்குக் காவலே கிடைக்கிறது என்கிறார்கள் தூண்டில் ஆர்வலர்கள். வயிற்றுக்காக வலை வீசுபவனைத் துரத்திவிட்டுப் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவரை வரவேற்பது என்ன நீதி என்று கேட்கிறார்கள் ஆற்றங்கரை மக்கள். இருவரும் வேண்டாம், ஆற்றை அதன் போக்கில் விடுங்கள் என்கிறார்கள் இயற்கைப் பாதுகாவலர்களில் ஒரு சாரார். மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மூன்று தரப்பினரும் மீனைப் பற்றி எவ்வளவு அறிந்து பேசுகிறார்கள் என்பதே என் ஐயம். டேயின் வாழ்க்கை அந்த ஐயத்துக்குத்தான் விடை சொல்கிறது.

கொச்சியில் தொடங்கிய தேடல்

டே 1829 மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1852இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டாம் பர்மியப் போர்க்களம் அவருடைய தொடக்கக் காலப் பணியிடங்களுள் ஒன்று. அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில மருத்துவர்கள் பலர் தாவரங்களையும் பறவைகளையும் சேகரிப்பதில் ஈடுபாடு காட்டினர். டேயும் பறவைகளில் தொடங்கியவர்தான். ஆனால், 1860களின் தொடக்கத்தில் கொச்சியில் பணியாற்றிய காலம் அவரை மீன்களிடம் கொண்டுசேர்த்தது.

கொச்சியில் காயலும் கடலும் ஆறுகளும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. அங்கே மீன் சந்தையில் நாள்தோறும் வந்து குவியும் மீன்களுக்கு ஊர்மக்கள் வழங்கிய பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அறிவியலுலகு அறிந்து எழுதிவைத்தவையோ அவற்றுள் ஒரு பகுதிதான். டே சந்தைக்குச் சென்றார்; மீனவர்களிடம் பெயர் கேட்டார்; மீன்களை வாங்கிச் சாராயத்தில் பதப்படுத்தினார்; அளந்தார்; வரைந்தார். கொச்சியின் வரலாற்றையும் வாழ்வையும் பற்றி 1863இல் ஒரு நூல் எழுதிய அவர், 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய தம் முதல் மீனியல் நூலை வெளியிட்டார். பின்னாளில் அவர் எழுதிய பெருநூல்களில் ஒவ்வொரு மீனுக்கும் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்துஸ்தானி எனப் பல மொழிப் பெயர்களைச் சேர்த்துத் தந்திருப்பதற்குக் கொச்சிச் சந்தையில் பெற்ற பயிற்சியே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

அதே காலகட்டத்தில் அவருடைய மற்றொரு முகமும் வெளிப்பட்டது. உதகையின் குளிர்ந்த ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயருக்குத் தாய்நாட்டு டிரவுட் மீனை அங்கே தூண்டிலிட்டுப் பிடிக்க வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. அந்த ஏக்கத்தை நிறைவேற்ற முனைந்தோரில் டேயும் ஒருவர். அவர் 1860களில் மேற்கொண்ட முயற்சியில் டிரவுட் பிழைக்கவில்லை. நெடிய கடற்பயணத்தையும் வெப்பத்தையும் அதனால் தாங்க இயலவில்லை. டென்ச் முதலிய சில வகைகள் மட்டும் நீலகிரி நீர்நிலைகளில் இடம்பிடித்தன. டிரவுட் அங்கே நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹெச்.சி. வில்சன் என்ற அலுவலரின் முயற்சியாலும் 1907இல் அவலாஞ்சியில் அமைந்த பொரிப்பகத்தாலும்தான். எனினும், விளையாட்டுக்காக ஓர் ஓடையின் உயிர்த்தொகுதியையே மாற்றலாம் என்ற எண்ணத்துக்கு டேயும் ஆட்பட்டிருந்தார் என்பதை அவருடைய வாழ்க்கையை எழுதுவோர் மறைக்கக் கூடாது.

அணையும் உல்லமும்

டேயின் வாழ்க்கையைத் திசைதிருப்பியது ஓர் அணைக்கட்டு. கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் 1836இல் எழுப்பியவர் ஆர்தர் காட்டன். பின்னர் அவருடைய வழிகாட்டலில் கோதாவரியும் தடுக்கப்பட்டது. தஞ்சையும் கோதாவரி வட்டாரமும் இன்றும் அவரை நன்றியோடு நினைவுகூர்கின்றன. அந்தக் காட்டனே 1867இல், கிழக்குக் கடற்கரை ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் மீன்களைத் தடுத்து, மீன்வளத்துக்குக் கேடு செய்கின்றனவோ என்ற ஐயத்தை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். தாம் கட்டியதன் மறுபக்கத்தைத் தாமே எண்ணிப் பார்த்த அந்தப் பண்பு போற்றத்தக்கது. அந்த ஐயத்தை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்துசேர்ந்தது.

அவர் அணைகளை நேரில் சென்று பார்த்தார். கடலில் வாழ்ந்து, புதுவெள்ளம் வரும் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீன் கீழணையின் அடியில் வந்து முட்டி நிற்பதையும், நின்ற இடத்திலேயே கூட்டங்கூட்டமாகப் பிடிபடுவதையும் அவர் பதிவுசெய்தார். சினை நிறைந்த மீன் முட்டையிடுவதற்கு முன்பே வலைக்குள் போய்விட்டால் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. அணையே கூடாது என்று டே சொல்லவில்லை. பாசனத்தின் பயனை அவர் அறிந்தவர். அணையில் மீன்கள் ஏறிச்செல்ல வழிவிட வேண்டும், அணைக்குக் கீழே குறிப்பிட்ட தொலைவுக்குள் மீன் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்பனவே அவர் முன்வைத்த கோரிக்கைகள்.

பின்னாளில் கீழணையில் மீன்கள் ஏறுவதற்குப் படிவழி அமைத்துப் பார்த்தார்கள். துள்ளித் தாவும் இயல்பில்லாத உல்லம் அதனைப் பயன்படுத்தவில்லை. சால்மன் மீனுக்காக ஐரோப்பாவில் வகுத்த படிக்கட்டு காவிரி உல்லத்துக்குப் பொருந்தவில்லை. செயற்கை முறையில் உல்லம் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் முயற்சியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடைபெற்றது. 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தின் காலமும் அளவும் மாறியபின், காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு நலிந்து, பெயரளவுக்குச் சுருங்கியது. அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கீழே பாயும் நீரைப் பார்த்து நான் எண்ணுவது இதைத்தான்: விதி இருந்தது, நல்லெண்ணம் இருந்தது, பணமும் செலவிடப்பட்டது, அந்த மீன் எப்படி நீந்தும் என்ற அறிவு மட்டும் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை.

நாடு தழுவிய விசாரணை

டேயின் அறிக்கைகள் அரசின் கவனத்தை ஈர்த்தன. அவர் ஒடிசா, பர்மா, அந்தமான் எனப் பல பகுதிகளுக்கும் பயணமானார். 1871இல் இந்தியா, பர்மா ஆகியவற்றின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். தம் கண்ணால் காண இயலாத இடங்களைப் பற்றி அறிய அவர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. மாவட்ட ஆட்சியர்களுக்கும் தாசில்தார்களுக்கும் வினாப்பட்டியல் அனுப்பினார். உங்கள் பகுதியில் மீன் குறைந்திருக்கிறதா, சந்தைக்குப் போதிய மீன் வருகிறதா, வலைக்கண் எவ்வளவு சிறியது, நஞ்சிட்டுப் பிடிக்கிறார்களா, வயல்களில் மீன்குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா என்பன போன்ற வினாக்கள் அவை. வந்து குவிந்த விடைகளைத் தொகுத்து, இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றிய அறிக்கையை 1873இல் வெளியிட்டார்.

அந்த அறிக்கை காட்டும் காட்சி நமக்குப் புதியதன்று. கோடையில் ஓடை வற்றி, மீன்களெல்லாம் மடுக்களில் ஒதுங்கும்போது அந்த மடுவையே இறைத்து அல்லது நஞ்சிட்டு ஒட்டுமொத்தமாக அள்ளுவது. மழைக்காலத்தில் வரப்பின் மடைகளில் பறியைச் செருகிப் போக வர இருக்கும் குஞ்சுகளைக் கூடையாகப் பிடிப்பது. கொசுவும் நுழையாத வலைகளால் ஆற்றை வடிகட்டுவது. மலையோடைகளுக்கு முட்டையிட ஏறும் பெரிய மீன்களை வழியில் மறிப்பது. காக்கைக்கொல்லி விதையும் கள்ளிப்பாலும் அன்று நஞ்சாயின. இன்று பூச்சிமருந்தும் தோட்டாவும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. கண்மாய் நீர் வற்றும் மாசியிலும் பங்குனியிலும் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரே நாளில் மொத்த மீனையும் அள்ளிவிடும் காட்சியைக் கண்டிருக்கிறேன். கண்மாய்க்கு அது பொருந்தும். ஏனெனில் அது மீண்டும் நிரம்பும், ஆற்று வெள்ளத்தில் மீன் மீண்டும் வந்துசேரும். ஆற்றின் மடுவுக்கு அது பொருந்தாது. அந்த மடுவே விதைநெல் சேமித்த குதிர்.

டேயின் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சட்டத்தைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. முன்னைய ஆட்சிகளில் நீர்நிலைகளின் மீன்பிடி உரிமை அரசனுடையதாக இருந்து, மீனவர்களுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது. குத்தகை எடுத்தவருக்கு அடுத்த ஆண்டும் மீன் வேண்டும். எனவே அவர் காவல் காத்தார். ஆங்கில ஆட்சி பல இடங்களில் சிறு வரிகளை நீக்குவதாக எண்ணி அந்தக் குத்தகைகளைக் கைவிட்டது. நீர்நிலை எல்லார்க்கும் பொதுவானது. எல்லார்க்கும் பொதுவானதால் யாருக்கும் பொறுப்பில்லாததாயிற்று. தொழிலாகச் செய்த மீனவர் நலிந்தார். ஆண்டில் சில நாள்கள் மட்டும் ஆற்றில் இறங்கியவர்கள் குஞ்சு குறுமான் வரை அள்ளினார்கள். இன்றும் நம் கண்மாய்களில் தொடரும் மீன்பாசிக் குத்தகையை எண்ணிப் பார்த்தால் டேயின் இந்த அவதானிப்பின் ஆழம் விளங்கும். காப்பது என்பது தடுப்பது மட்டுமன்று. காப்பவருக்கு அதில் பங்கு இருக்க வேண்டும்.

அவர் பரிந்துரைத்தவை எளியவை. வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும். நஞ்சிடுவதைத் தடைசெய்ய வேண்டும். ஆற்றின் குறுக்கே நிலையாகப் பதிக்கும் பொறிகளையும் அடைப்புகளையும் நீக்க வேண்டும். குஞ்சுகளைப் பிடிப்பதையும் விற்பதையும் நிறுத்த வேண்டும். அணைகளில் மீன்களுக்கு வழிவிட வேண்டும். ஆனால் அரசு தயங்கியது. ஏழைகளின் உணவில் கைவைக்கலாகாது, இத்தகைய சட்டம் கீழ்நிலைக் காவலர்களின் கையில் கொடுமைக்கருவியாகிவிடும் என்று அலுவலர் பலர் கருதினர். அந்த அச்சமும் பொய்யன்று. டே தம் பரிந்துரைகள் சட்டமாவதைக் காணாமலே 1877இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார்.

இரு சட்டங்கள் சொல்லும் கதை

இங்கே டேயின் சமகாலத்தவர் ஒருவரையும் குறிப்பிட்டாக வேண்டும். சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது மீன்வளத்தைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியவர். தூண்டில் ஆர்வலர்கள் இன்றும் போற்றும் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டவரும் அவரே. டேக்கு மீன் ஆய்வுப்பொருள். தாமஸுக்கு அது எதிராளி. மஹ்சீர் எனப்படும் பொம்மீனின் வலிமையை அவர் அளவுக்கு வியந்து எழுதியவர்கள் குறைவு. ஆயினும் நஞ்சும் நுண்வலையும் ஆற்றை அழிக்கின்றன என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். பெரிய மீனுக்காக ஏங்குபவர் குஞ்சைக் காக்க முன்வருவார் என்பதற்குத் தாமஸ் நல்ல சான்று.

ஆனால், அந்த ஏக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டும் சான்றும் அதே காலத்தில் உண்டு. 1879இல் சென்னை மாகாணத்தில் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது காத்தது வேட்டைக்குரிய விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும்தான். கோடிக்கணக்கான மக்களின் உணவாகிய கெண்டைக்கும் கெளுத்திக்கும் விராலுக்கும் உரிய பொதுச்சட்டமோ 18 ஆண்டுகள் கழித்து, 1897இல்தான் இந்திய மீன்வளச் சட்டமாக வந்தது. வெடிவைத்துப் பிடிப்பதையும் நஞ்சிடுவதையும் அச்சட்டம் குற்றமாக்கியது. நிலைப்பொறிகள், அடைப்புகள், வலைக்கண் அளவு ஆகியவற்றுக்கு விதி வகுக்கவும், குறிப்பிட்ட நீர்ப்பகுதியில் இரண்டு ஆண்டுகள் வரை மீன்பிடிப்பையே நிறுத்திவைக்கவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. டே 1873இல் கேட்டவற்றுள் பெரும்பாலானவை அதில் இருந்தன, அவர் இல்லை. செல்வாக்குள்ளவர் விரும்பும் மீனுக்குச் சட்டம் விரைந்து வரும், மற்ற மீன்கள் காத்திருக்க வேண்டும் என்பதே இந்த இரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படும் செய்தி.

பெருநூலும் இறுதி ஆண்டுகளும்

நிருவாகத்தில் தோற்ற டே, அறிவியலில் வென்றார். இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஏறத்தாழ 200 படத்தகடுகள் கொண்ட அந்நூலின் ஓவியங்களுக்குப் பெரிதும் அவர் கைவண்ணமே அடிப்படை. பின்னர், பிரித்தானிய இந்திய விலங்குகள் வரிசையில் மீன்களுக்கான இரு தொகுதிகளை எழுதினார். 1,400க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரிக்கும் அவை 1889இல் வெளியாயின. இடையே பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றியும் எழுதினார். 1883இல் லண்டனில் நடைபெற்ற பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பிரிவின் பொறுப்பை ஏற்றார்.

அவர் இணக்கமான மனிதரல்லர். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தருக்கும் அவருக்கும் இடையே நெடுநாள் பகை நிலவியது. களத்தில் உயிருள்ள மீனைக் கண்டவருக்கும், உலகெங்குமிருந்து வந்த பாடம்செய்த மீன்களை மேசைமீது ஒப்பிட்டவருக்கும் இடையிலான பூசல் அது. விளைவாக, டே திரட்டிய மீன்களில் பெரும்பகுதி லண்டனுக்குப் போகாமல் சிட்னிக்கும் கல்கத்தாவுக்கும் வேறு இடங்களுக்கும் பிரிந்து சென்றது. நம் ஆற்று மீன் ஒன்றின் முதல் மாதிரியைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் இன்று ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தை நாட வேண்டியிருக்கிறது. 1889 ஜூலை 10ஆம் நாள், செல்டன்ஹாம் நகரில் டே காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

அவர் காலத்துக்குரிய குறைகளும் அவரிடம் இருந்தன. முதலையையும் நீர்நாயையும் மீனின் எதிரிகளாகவே அவர் கணக்கிட்டார். அவையும் ஆற்றின் நலத்தில் பங்குடையவை என்ற இன்றைய சூழலியல் பார்வை அன்று இல்லை. மீன் குறைந்ததற்கு மீனவரின் வலையைச் சுட்டிய அளவுக்கு, காட்டை அழித்து மலையோடைகளை வற்றச்செய்த தோட்டப் பயிர்த்தொழிலை அக்கால அரசு சுட்டவில்லை. இவற்றையும் சேர்த்தே அவரை நாம் படிக்க வேண்டும்.

இன்றைய ஆற்றுக்கு அவர் பாடம்

காவிரியில் வாழ்ந்த திமில்முதுகு மஹ்சீரின் கதை, டே விட்டுச்சென்ற பணி எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீரை வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் தூண்டிலில் பிடித்தது இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. 1970களிலிருந்து காவிரியின் கர்நாடகப் பகுதியில், பிடித்தபின் விட்டுவிடும் தூண்டில் முகாம்கள் நடந்தன. முன்பு தோட்டா வீசியவர்களுள் சிலர் அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். ஆற்றின் அந்தப் பகுதியில் மீன் பெருகியது போலத் தோன்றியது. எண்ணிக்கை உண்மையிலேயே பெருகியது. ஆனால் பெருகியது எந்த மீன்?

முகாம் ஒன்றின் 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவேடுகளை ஆய்வாளர்கள் அலசியபோது விடை கிடைத்தது. பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரிக்கு உரியதன்று. லோனாவாலாப் பொரிப்பகத்தில் பெருக்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு பல ஆறுகளில் விடப்பட்ட இனம். காவிரிக்கே உரிய திமில்முதுகு மஹ்சீர் அதே ஆண்டுகளில் அருகிக்கொண்டே சென்றது. உலகெங்கும் தூண்டில் ஆர்வலர்களால் போற்றப்பட்ட அந்த மீனுக்கு அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. டேயும் மஹ்சீர்களின் வேறுபாடுகளைப் பெரிதும் ஒரே இனத்தின் மாறுபாடுகளாகவே கருதியிருந்தார். 2007இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து தனி இனமாக விவரிக்கப்பட்ட மீனும் காவிரியின் திமில்முதுகு மீனும் ஒன்றே என்பது 2018இல்தான் உறுதியானது. பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அறிவித்தது. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாறு அதன் எஞ்சிய புகலிடங்களுள் ஒன்று.

இதில் தூண்டில் ஆர்வலர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் பாடம் இருக்கிறது. பதிவேடு எழுதியவர்கள் தூண்டிலிட்டவர்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் அந்த இழப்பை நாம் அறிந்திருக்கவே முடியாது. அதே வேளையில், பெரிய மீன் நிறைய வேண்டும் என்ற விருப்பமே எந்த மீன் என்று கேளாமல் குஞ்சுகளை விடவைத்தது. சரணாலயப் பகுதிகளில் தூண்டிலுக்குத் தடை வந்தபின் காவலும் போய்விட்டது, களவு மீன்பிடிப்பு கூடிவிட்டது என்பது முகாம்களை நடத்தியவர்களின் வாதம். தடை மட்டுமே காவலாகாது என்ற அளவில் அதனை நான் ஏற்கிறேன். ஆனால், காவலுக்கு ஈடாக ஆற்றின் ஒரு பகுதியைப் பொழுதுபோக்குக்கு ஒப்படைத்துவிட்டு, அதன் கரையில் பிறந்தவரை அந்நியராக்குவதை ஏற்க இயலாது.

டே கண்டெடுத்த மற்றொரு சிறுமீனும் இதையே சொல்கிறது. கேரளத்தின் முண்டக்கயத்தில் ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார் சேகரித்துத் தந்த, உடலில் செங்கோடு ஓடும் அழகிய மீனுக்கு 1865இல் அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார் டே. இன்று மிஸ் கேரளா என்ற பெயரில் உலகெங்கும் கண்ணாடித்தொட்டிகளில் நீந்துவது அதுதான். ஏற்றுமதிக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் கேரள அரசு 2008இல் கட்டுப்பாடுகளைக் கொணர்ந்து, சில மாதங்களில் அதனைப் பிடிக்கக் கூடாது என்றது. அந்த மாதங்கள் மீனின் இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மீன் முட்டையிடாத காலத்தில் பிடிப்பைத் தடுத்து, முட்டையிடும் காலத்தில் திறந்துவிடும் விதி யாருக்கு உதவும்?

எனவே நம் ஆறுகளுக்கு வேண்டுவன எவை என்று கேட்டால், டேயின் பட்டியலை இன்றைய அறிவோடு திருத்தி எழுதலாம் என்பேன். முதலாவதாக, ஒவ்வோர் ஆற்றிலும் எந்த மீன் எப்போது, எங்கே முட்டையிடுகிறது என்பதை அறிந்து, மூடுகாலத்தை ஆற்றுக்கு ஆறு வகுக்க வேண்டும். இரண்டாவதாக, குஞ்சை மட்டுமன்றி மிகப் பெரிய மீனையும் விட்டுவிட வேண்டும். பெரிய தாய்மீன் இடும் முட்டைகள் சிறிய மீன்கள் பல சேர்ந்து இடுபவற்றினும் மிகுதி. ஆகவே உணவுக்கு எடுப்பது நடுத்தர அளவுள்ளதாக இருக்கட்டும். அழிவின் விளிம்பில் உள்ள இனத்தை எவரும் எடுக்கக் கூடாது. மூன்றாவதாக, தூண்டில் விளையாட்டு அனுமதிக்கப்படும் இடத்தில் முள்ளில்லாத கொக்கி, மீனை நீரைவிட்டு நெடுநேரம் எடுக்காமை, நீர் சூடேறிய கோடையில் விளையாட்டை நிறுத்துதல் ஆகியவை கட்டாயமாக வேண்டும். விட்ட மீனெல்லாம் பிழைக்கும் என்பது வெறும் நம்பிக்கைதான். அதன் வருவாயில் ஆற்றங்கரை மீனவர்க்குக் குத்தகையாளர்க்குரிய உரிமைப்பங்கு வேண்டும்; கூலி மட்டும் போதாது. நான்காவதாக, ஓர் ஆற்றுக்கு உரியதல்லாத மீன்குஞ்சை அங்கே விடுவதை அரசுத் துறைகளே முதலில் நிறுத்த வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, முட்டையிடும் காலத்தில் அணையிலிருந்து நீர் வர வேண்டும். வலையின் கண்ணை அளக்கும் அலுவலர் வற்றிய ஆற்றில் எதை அளப்பார்?

பிடிப்பவரின் வசதிக்கேற்பவோ தடுப்பவரின் மனநிறைவுக்கேற்பவோ எழுதப்படும் விதி ஆற்றைக் காக்காது. மீனின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து எழுதப்படும் விதியே காக்கும். சந்தையில் நின்று பெயர் கேட்டு, அணையடியில் நின்று பார்த்து, தாசில்தார்களுக்கு வினா அனுப்பி, பின்னரே விதியைப் பற்றிப் பேசியவர் டே. அவர் கேட்ட வினாக்களுள் பலவற்றுக்கு நம்மிடம் இன்னும் முழுமையான விடையில்லை. மோயாற்றிலும் பவானியிலும் காவிரியிலும் அந்த வினாப்பட்டியலை மீண்டும் எடுத்துச்சென்று, இம்முறை அலுவலரோடு நில்லாமல் வலை வீசுபவரிடமும் தூண்டில் போடுபவரிடமும் கேட்டு எழுதுவது நம் மீன்வளத் துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பணியாகும். 150 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தனிமனிதரால் தொடங்க முடிந்த பணியை ஓர் அரசால் தொடர முடியாதா?